புள்ளைக்காரி சாப்பிடுகிற நேரம்

சஃபாரி என்றதும் என் தலைமுறைக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு சட்டை. மேலும் கீழும் ஒரே பிஸ்கட் கலர், நாலு பாக்கெட். எல்லா ஆபீசிலும் ஒரு சூப்பரின்டென்டென்ட் அதைப் போட்டுக்கொண்டு வருவார். வெள்ளைக்காரன் வேட்டைக்குப் போகும்போது தோட்டா வைத்துக்கொண்ட பாக்கெட்டில், நம்மவர் மூன்று கலர் பேனாவும் மூக்குப்பொடி டப்பாவும் வைத்துக்கொண்டார்.

உண்மையில் சஃபாரி என்ற ஸ்வாஹிலி வார்த்தைக்குப் பயணம் என்றுதான் அர்த்தம். அரபியிலிருந்து வந்தது. ஹிந்திப் பாட்டுகளில் அடிக்கடி வருமே 'ஸஃபர்', அது இதற்குச் சித்தப்பா பிள்ளை. கென்யாவில் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனாலும் அது சஃபாரிதான். நாங்கள் ஒரு படி மேலே போய், மாமியாரையே அழைத்துக்கொண்டு கென்யா போனோம்.

2025 ஆகஸ்ட். நான், என் மனைவி, பன்னிரண்டு வயசுப் பையன், எட்டு வயசுப் பெண், மன்னார்குடி அத்தை. "அவ்வளவு தூரம் அத்தையால முடியுமா, மஞ்சள் காய்ச்சல் ஊசி வேற போடணும், அறுபது தாண்டினா டாக்டர்கள் யோசிப்பாங்களாம்..." என்று மனைவியிடம் ஆரம்பித்தேன். "எங்கம்மாவுக்கு ஐம்பத்தொன்பதுதான்" என்று பதில் வந்தது. முடிந்தது விஷயம். (அந்த ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டு அட்டை வாங்கிவிட வேண்டும். அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் ஊர் விமான நிலையத்திலேயே தனியாக உட்கார வைத்துவிடுவார்கள்.)

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் மாசக் கடைசியில் படிப்பீர்கள். மாசாய் மாரா சரணாலயத்தில் 2024-ல் கட்டணத்தை ஏற்றினார்கள். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. பிள்ளைகளின் ஸ்கூல் லீவையும் என் ஆபீஸ் லீவையும் சேர்த்துப் பார்த்ததில் ஆகஸ்ட்தான் அமைந்தது. மூன்று பெரியவர், மூன்று நாள், 1,800 டாலர். இது கேட்டைத் திறப்பதற்கு மட்டும். நான் ரூபாயில் பெருக்கிப் பார்த்த தாளை மனைவி வாங்கிக் கிழித்துப் போட்டாள். "போற இடத்துல இதைப் பேசக் கூடாது" என்று உத்தரவு.

நைரோபியிலிருந்து மாரா சாலை வழியே ஐந்தாறு மணி நேரம். வழியில் பூமி இரண்டாகப் பிளந்து கிடக்கிற ரிஃப்ட் பள்ளத்தாக்கை ஓரமாக நின்று பார்க்கலாம். சாப்பாட்டுக்கு அத்தை ஒரு பை நிறையப் புளியோதரையும் தட்டையும் கொண்டு வந்திருந்தார். தேவையே படவில்லை. கென்யாக்காரர்கள் சப்பாத்தியைச் சப்பாத்தி என்றே சொல்கிறார்கள். டீக்குச் 'சாய்'. நூறு வருஷத்துக்கும் மேலே முன்னால் ரயில் பாதை போட வந்த பஞ்சாபிகளும் கடை வைத்த குஜராத்திகளும் விட்டுப்போன சொத்து. உகாலி என்று மக்காச்சோள மாவில் ஒரு களி. தொட்டுக்கொள்ள 'சுகுமா விக்கி' என்கிற கீரை. அர்த்தம் கேட்டேன். 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தமாம். சம்பளம் வரும் வரை இந்தக் கீரையை வைத்து ஓட்டுவதால் வந்த பெயர். ஆப்பிரிக்கா திடீரென்று ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பூமத்திய ரேகைக்கு இரண்டு டிகிரிகூடத் தெற்கே இல்லை, கொளுத்தும் என்று நினைத்துப் போகாதீர்கள். மாரா ஐயாயிரம் அடி உயரம். விடியற்காலை ஆறு மணிக்குக் கூரையைத் தூக்கிவிட்ட வேனில் நின்றால் பல் தந்தி அடிக்கும். அத்தை தலையில் மங்கி குல்லா, அதன் மேல் மஃப்ளர். அவரைப் பார்த்து நிஜக் குரங்கு ஒன்று மரியாதையாக வழி விட்டது.

எங்கள் டிரைவருக்கு நாற்பது வயசிருக்கும். பதினோரு வருஷமாக இதே வேலை. முதல் நாளே பிள்ளைகளுக்கு ஸ்வாஹிலி பாடம் எடுத்தார். சிங்கம் சிம்பா. அது 'லயன் கிங்' உபயத்தில் தெரிந்ததுதான். ஒட்டகச்சிவிங்கி ட்விகா. யானை டெம்போ. என் பெண் "டெம்போ, டெம்போ!" என்று கத்தியபோது அத்தை எதிரே வண்டி வருகிறது என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வந்தது பதினாலு யானை.

நாலாவது வார்த்தை தூமா. இங்கிலீஷில் சீட்டா. நம் பத்திரிகைகளில் இதையும் சிறுத்தை என்பார்கள், லெப்பர்டையும் சிறுத்தை என்பார்கள். இரண்டுக்கும் ஒரே ரேஷன் கார்டு. தமிழில் இதற்குச் சிவிங்கி என்று அருமையான பெயர் இருக்கிறது. ஒட்டகத்தின் உருவம், சிவிங்கியின் புள்ளி, சேர்ந்தால் ஒட்டகச்சிவிங்கி. ஐரோப்பாக்காரனும் இதே கணக்கில்தான் 'கேமலோபார்டாலிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறான். இதை நான் பையனிடம் ஆர்வமாகச் சொன்னேன். "சரிப்பா" என்றான்.

அவன் கவனம் வேறு. கையில் ஒரு பட்டியல். அதன் தலைப்பு 'பிக் ஃபைவ்'. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை. இந்த ஐந்தையும் யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அழகுப் போட்டி நடுவர்கள் இல்லை, வேட்டைக்காரர்கள். நடந்து போய்ச் சுடுவதற்கு ரொம்பக் கஷ்டமான, திருப்பித் தாக்கினால் ஆளையே முடித்துவிடுகிற ஐந்து. கென்யாவில் 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள். துப்பாக்கி போய்விட்டது, பட்டியல் மட்டும் தங்கிவிட்டது. இப்போது போனால் சுடுகிறோம்.

இரண்டாம் நாள் மதியத்துக்குள் பையன் நாலு டிக் அடித்துவிட்டான். காண்டாமிருகம் மட்டும் பாக்கி. ஆனால் பட்டியலில் எழுதாத ஆறாவது ஒன்று உண்டு. அதற்குக் 'கில்' என்று பெயர். ஒரு மிருகம் இன்னொன்றைப் பாய்ந்து பிடிப்பது. அதைப் பார்க்காமல் வந்தால் சஃபாரியே போகாத மாதிரி. என் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் "கில் கிடைச்சுதா?" என்று ஏழு பேர் கேட்டிருந்தார்கள். அதில் ஒருவர் என் லீவை வெட்டப் பார்த்தவர்.

மூன்றாம் நாள் காலை ஏழரை மணி. டிரைவரின் ரேடியோவில் கரகரவென்று ஏதோ வந்தது. எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை தூமா. வண்டி பறந்தது.

ஒரு கரையான் புற்று மேல் பெண் சிவிங்கி உட்கார்ந்திருந்தது. ஒல்லியென்றால் அப்படி ஒரு ஒல்லி. கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு, அழுது காய்ந்த மாதிரி. கீழே புல்லில் மூன்று குட்டிகள், முதுகில் சாம்பல் நிறப் பஞ்சு முடியோடு. தள்ளி ஒரு இருநூறு மீட்டரில் தாம்சன் மான் கூட்டம். சுற்றிலும் வேன்கள், ஜீப்புகள். என் பெண் எண்ணினாள். இருபத்து மூன்று.

சிவிங்கி புற்றை விட்டு இறங்கித் தரையோடு தரையாகப் பதுங்கி நாலடி நகரும். உடனே இருபத்து மூன்று டீசல் இன்ஜினும் உறுமும். நல்ல ஆங்கிள் வேண்டுமே! இரண்டு வண்டி குறுக்கே போய் நிற்கும். மான்கள் தலையைத் தூக்கிப் பார்க்கும். சிவிங்கி உட்கார்ந்துவிடும். குட்டிகள் 'க்வீக் க்வீக்' என்று குருவி மாதிரி கத்தும். (சிவிங்கிக்குக் கர்ஜிக்க வராது. குருவி மாதிரிதான் கூப்பிட்டுக்கொள்ளும்.) மறுபடி பதுங்கும், மறுபடி இன்ஜின். இப்படி இரண்டு தடவை ஆனது.

அத்தை மங்கி குல்லாவைக் கழற்றினார்.

"மாப்ளே, அது கடைசியா எப்ப சாப்பிட்டுச்சுன்னு கேளுங்க."

கேட்டேன். நேற்று சாயங்காலம் ஒரு தடவை துரத்தியதாம், கிடைக்கவில்லையாம். அப்போதும் கூட்டமா? "அப்போதும் கூட்டம்" என்றார் டிரைவர்.

"புள்ளைக்காரி. நேத்துலேர்ந்து பட்டினி. இப்பத்தான் இலை போட்டு உக்காரப் போவுது. நாம இத்தனை வண்டிய நிறுத்திகிட்டு அது வாயையே பாத்துகிட்டு நிக்கிறோம். சாப்புடறவங்கள உத்துப் பாக்கக் கூடாதுன்னு எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். வண்டிய எடுக்கச் சொல்லுங்க மாப்ளே."

"பாட்டி! கில் பாட்டி! இன்னும் அஞ்சு நிமிஷம்!" என்று பையன் அலறினான். அவன் கண்ணில் தண்ணீர். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மூணு மாசமாக இதற்காகவே யூட்யூப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழித்துப் போட்ட அந்தத் தாளில் இருந்த 1,800 என் கண் முன்னால் வந்து நின்றது. என்னோடு சேர்த்து இருபத்து மூன்று வண்டி. ஒரு வண்டி போனால் இருபத்திரண்டு. அதனால் அந்த மானும் சிவிங்கியும் பெரிதாக என்ன கண்டுவிடப் போகின்றன? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. ஆனால் குப்பை போடுகிறவன், சிக்னலில் பாய்கிறவன், கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிறவன் எல்லோரும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் செய்கிறான்.

"போகலாம்" என்றேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "யாருக்காவது வயிறு சரியில்லையா?"

"இல்லை. அது சாப்பிடட்டும்."

பதினோரு வருஷத்தில் இந்த நேரத்தில் வண்டியை எடுக்கச் சொன்னவர்கள் பாத்ரூம் அவசரக்காரர்கள் மட்டும்தான் என்று பிறகு சொன்னார்.

இறங்க அனுமதி உள்ள ஒரு மரத்தடிக்குப் போய் ஃபிளாஸ்க்கைத் திறந்தோம். அத்தையின் தட்டையை ருசித்துக்கொண்டே டிரைவர் மனசையும் திறந்தார். மூன்று பிள்ளைகள், மூவரும் படிக்கிறார்கள். சம்பளத்தை விட டிப்ஸை நம்பித்தான் குடும்பம். கில் காட்டினால் டிப்ஸ் நிறைய, காட்டாவிட்டால் பாதி. சில பேர் கம்பெனிக்குப் புகார் வேறு எழுதுவார்கள், ஏதோ இவர் சிங்கத்துக்கு மேனேஜர் மாதிரி.

"ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது சார். எல்லா டிரைவருக்கும் தெரியும். ஆனால் எந்த டிரைவரும் தன்னை ஆறாவது வண்டி என்று நினைக்க மாட்டான். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் நினைக்க விட மாட்டார்கள்."

ஊருக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அத்தை சொன்னதை ஒரு விஞ்ஞானி கணக்குப் போட்டே எழுதி வைத்திருக்கிறார். ஃபெம்கே ப்ரூக்ஹௌஸ் என்பவர் மாராவில் சில வருஷம் தாய்ச் சிவிங்கிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு. சுற்றுலாக் கூட்டம் குறைவான பகுதிகளில் ஒரு தாய் ஒரு ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. கூட்டம் அதிகமான பகுதிகளில்? 0.2. அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. வண்டி ஏறிக் குட்டிகள் சாகின்றன என்று இதற்கு அர்த்தமில்லை. ஆட்களின் நெருக்கடியில் தாயின் வேட்டையும் நடமாட்டமும் கெட்டுப்போவது காரணமாக இருக்கலாம் என்கிறார்.

ஏன் சிவிங்கிக்கு மட்டும் இத்தனை கஷ்டம்? சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். அவற்றிடம் மாட்டாமல் இருக்கச் சிவிங்கி பகல் ஷிப்டுக்கு வந்துவிட்டது. பகல் ஷிப்டில் நாம் இருக்கிறோம். மணிக்கு நூறு கிலோமீட்டரை எட்டும் ஓட்டம், ஆனால் சில நூறு மீட்டருக்கு மேல் தாங்காது. ஓடி முடித்தால் மூச்சு வாங்கவே நேரம் வேண்டும். பிடித்த மானையும் சிங்கமோ கழுதைப்புலியோ வந்து பிடுங்கிக்கொண்டால் சண்டை போடத் தெம்பு கிடையாது. ஒரு ஓட்டம் வீணானால் அடுத்த ஓட்டத்துக்குத் தெம்பு சேர்க்க வேண்டும். தினக்கூலிக்காரனின் ஒரு நாள் வேலையைக் கெடுத்த மாதிரிதான்.

உலகத்தில் காட்டில் மிச்சமிருப்பவை ஏழாயிரம் அளவில். இந்தியாவில் இந்த இனம் அற்றுப்போய்விட்டது என்று 1952-ல் அறிவித்தார்கள். எழுபது வருஷம் கழித்து, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகளை விமானத்தில் ஏற்றி, மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தடவை தொலைத்தவர்களுக்குத்தான் தெரியும், திரும்பக் கொண்டுவருவது எத்தனை பாடு என்று.

அதனால் யாரும் ஆப்பிரிக்கா போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. போங்கள். அந்த 200 டாலரும் அதற்குப் பின்னால் வருகிற பணமும் இல்லாவிட்டால் அந்தப் புல்வெளியில் வேலியும் கோதுமை வயலும் வந்துவிடும். சரணாலயத்தை ஒட்டி மாசாய் மக்கள் தங்கள் சொந்த நிலத்தையே மிருகங்களுக்காகக் குத்தகைக்கு விட்டிருக்கிற இடங்கள் இருக்கின்றன. கன்சர்வன்சி என்பார்கள். வண்டிகளின் எண்ணிக்கைக்கு அங்கே கட்டுப்பாடு அதிகம். குத்தகைப் பணம் மாசாய் குடும்பங்களுக்குப் போகிறது. பணம் கொடுத்துப் பார்க்கிறவர்கள் வருவதால்தான் அங்கே சிங்கமும் மாடும் ஒரே ஊரில் குடியிருக்க முடிகிறது.

நாம் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். முதல் நாள் காலை, வண்டி ஸ்டார்ட் ஆவதற்கு முன்னால், டிரைவரிடம் ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்: "அஞ்சு வண்டி நின்னா நமக்கு அந்த இடம் வேண்டாம். கில் காட்டலைன்னாலும் உங்க டிப்ஸ் குறையாது." இரண்டாவது பாதிதான் முக்கியம். முதல் பாதியை மட்டும் சொன்னால் அது உபதேசம். உபதேசத்தை வைத்து அவர் ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாது.

நாங்கள் கிளம்பும்போது அவருக்குக் கொடுத்த கவர், கில் பார்த்தவர்கள் கொடுக்கிற கனத்தில் இருந்தது. அந்தக் கனத்தை முடிவு செய்தது என் மனைவி. கொடுத்தது அத்தை கையால்.

என் பையன் இரண்டு மணி நேரம் பேசவில்லை. அப்புறம் அந்த மரத்தடியில் ஒரு சாணி வண்டு, தன்னை விடப் பெரிய உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போனதைக் கண்டுபிடித்து, மண்டியிட்டுப் பதினாலு நிமிஷம் வீடியோ எடுத்தான். எங்கள் சஃபாரியிலேயே தெளிவாக வந்த வீடியோ அதுதான். ஆபீஸ் குரூப்பில் போட்டேன். "இது நம்ம டிபார்ட்மென்ட்தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அந்தச் சிவிங்கிக்கு அன்றைக்குச் சாப்பாடு கிடைத்ததா, தெரியாது. சாயங்காலம் டிரைவர் ரேடியோவில் விசாரித்துப் பார்த்தார். யாரும் சரியாகச் சொல்லவில்லை. ராத்திரி கேம்ப்பில் உகாலி வந்தபோது அத்தை முதல் வாய் எடுக்கும் முன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை உற்றுப் பார்க்கவில்லை.

போன மாசம் மன்னார்குடி போயிருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் ஆசையாகக் கேட்டார்கள்: "ஏங்க, அவ்வளவு தூரம் போனீங்களே, புலி மானை அடிச்சுத் தின்னுச்சா, பாத்தீங்களா?"

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அது தின்றத நான் எதுக்குடி பாக்கணும்? தின்னாச் சரி."